இரவு 9 மணிக்கு சீனி வாங்க வாற பிள்ளை

கேள்வி:

"மிஸ், நான் கடற்கரைப் பக்கம் சின்னக் கடை ஒண்டு வச்சிருக்கிறன், ஊர்ப்பேர் போடாதீங்க. எங்கட ஒழுங்கையில 7 வயசுப் பொம்பிளைப்பிள்ளையும் 4 வயசுத் தம்பியும் இருக்கினம். தாய் குவைத்துக்குப் போய் ஒண்டரை வருசம். தகப்பன் கடல்தொழில், கரைக்கு வந்தா குடி. அம்மம்மாதான் பாக்கிறா, அவவுக்கும் கண் சரியாத் தெரியாது. பிள்ளை இரவு எட்டு ஒன்பது மணிக்கு தம்பிய இடுப்பில தூக்கிக்கொண்டு தனிய கடைக்கு வரும், 100 கிராம் சீனி, ஒரு நூடில்ஸ் பக்கெட், தகப்பனுக்கு சிகரெட். பள்ளிக்கூடம் கிழமையில ரெண்டு மூண்டு நாள்தான். போன கிழமை முழங்கைக்கு மேல வட்டமா ஒரு காயம். என்னம்மா எண்டு கேட்டன், நுளம்பு கடிச்சது எண்டிச்சு. எனக்கு அண்டைக்கு நித்திரை வரேல்ல. இது வறுமையா, துஷ்பிரயோகமா? 1929 எண்ட சிறுவர் பாதுகாப்பு நம்பருக்குப் போன் அடிச்சா பொலிஸ் வந்து பிள்ளைகளக் கொண்டுபோய் சிறுவர் இல்லத்தில போட்டிடுமா? தகப்பனும் என்ர மனுசனும் ஒரே போட்டில போறவை. கடைக் கணக்கும் 4,300 ரூபா ஏறிட்டுது, இனிக் கடன் குடுக்காத எண்டு இவர் ஏசுறார். நான் என்ன செய்யட்டும்?"

பதில்:

தங்கச்சி, கடன் கணக்கைப் பற்றிக் கடைசியில கதைப்பம், முதல்ல அந்தக் கைக் காயம். நுளம்புக்கடி எப்பிடி இருக்கும் எண்டு திருகோணமலை ஆக்களுக்கு ஒருத்தரும் சொல்லித்தரத் தேவையில்ல, நீங்க அதை நம்பேல்ல எண்டபடியாத்தான் எனக்கு எழுதியிருக்கிறீங்க. சிகரெட்டால சுட்ட காயம் பொதுவா 8, 10 மில்லிமீட்டர் அளவில நல்ல வட்டமா, விளிம்பு தெளிவா, நடு கொஞ்சம் பள்ளமா இருக்கும். ஆரோ பத்திக்கொண்டு நிக்கேக்க பிள்ளை ஓடிவந்து முட்டினதெண்டா அது ஒரு பக்கம் இழுபட்ட மாதிரி நீட்டா, மேலோட்டமா இருக்கும், சுட்ட உடனே பிள்ளை கையை இழுத்திடும்தானே. ஆனா கிருமியால வாற ஒருவகைச் சிரங்கும் அதே மாதிரி வட்டமாத்தான் வரும், பாத்த டொக்டர்மாரே தடுமாறுறது உண்டு. பிறக்கேக்கயே சில பிள்ளைகளுக்கு நாரியில, குண்டியில நீலமா ஒரு படை இருக்கும், எங்கட ஆக்களில அது சாதாரணம், அதை அடிச்ச கண்டல் எண்டு நினைச்சு ஒரு தாயை ஊரே சேந்து வறுத்தெடுத்த சம்பவம் எனக்குத் தெரியும். அதால எது எதால வந்தது எண்டு தீர்ப்புச் சொல்லுறதை சட்ட வைத்திய அதிகாரியிட்ட விடுங்க, அதுக்கெண்டு படிச்ச ஜே.எம்.ஓ ஆஸ்பத்திரியில இருக்கிறார். எனக்குச் சந்தேகமா இருக்கு எண்டு சொல்ல உங்களுக்கு ஆதாரம் ஒண்டும் தேவையில்ல.

இதையும் தெரிஞ்சு வச்சிருங்க, கடையில நிக்கிற ஆள் நீங்க, ஒரு நாளைக்கு எத்தினை பிள்ளையளைப் பாக்கிறீங்க. விளையாடுற பிள்ளைக்கு முழங்கால், கால் முன்பக்கம், நெத்தி, முழங்கை எண்டு எலும்பு தள்ளிக்கொண்டு நிக்கிற இடத்திலதான் அடிபடும். முதுகு, காது, கழுத்து, கன்னம், தொடையிட உள்பக்கம், மேல்கையிட உள்பக்கம், இந்த இடங்கள் விழுந்து அடிபடுற இடங்கள் இல்ல. இன்னும் பிரளத் தெரியாத கைக்குழந்தையில கண்டல் கண்டா யோசிச்சுக்கொண்டு நிக்காம ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகோணும். காயத்தை விட அதுக்குச் சொல்லுற கதையைத்தான் நான் கூடக் கவனிக்கிறது. ஒருக்கா கட்டிலால விழுந்தது, மற்ற ஆளிட்ட கேட்டா படியால விழுந்தது, மூண்டு நாள் கழிச்சுத்தான் மருந்தெடுக்க வந்தது, இப்பிடிக் கதை மாறினா காது கொஞ்சம் நிமிரோணும். உங்களிட்ட வந்த பிள்ளை 7 வயசில தானே கதை சொல்லிச்சு பாருங்க, நுளம்பு எண்டு. அது ஆரையோ காப்பாத்துது, இல்லாட்டி ஆருக்கோ பயப்பிடுது.

பெத்தவை இப்பிடிச் செய்வினமா எண்டு சனம் கேக்கும். 1962 வரைக்கும் கன டொக்டர்மாரும் அப்பிடித்தான் இருந்தவை, எக்ஸ்ரேயில பழைய முறிவு ரெண்டு மூண்டு தெரிஞ்சாலும் வேற வருத்தம் ஏதோ எண்டு எழுதிப்போட்டு விட்டவை. அந்த வருசம்தான் கெம்பே எண்ட அமெரிக்கப் பிள்ளை டொக்டரும் அவரோட இருந்தவையும், இது அடிபட்ட பிள்ளை எண்டு மருத்துவப் பத்திரிகையில எழுதினவை. அதால உங்கட ஒழுங்கை ஆக்கள் நம்பமாட்டினம் எண்டு கவலைப்படாதீங்க.

இனி வறுமையா துஷ்பிரயோகமா எண்ட கேள்வி. நல்ல கேள்வி, நானே இதில பிழை விட்டிருக்கிறன். பிள்ளையளிட பிரச்சினையளைப் பாக்கிற இந்த வேலைக்கு வந்த புதுசில ஒரு வீட்டுக்குப் போனன், முத்தம் முழுக்க மீன் செதில், பிள்ளை வெறும் மேலோட, மூக்கில சளி, ரிப்போர்ட்டில கவனிப்பில்லை எண்டு எழுத பேனையை எடுத்திட்டன். அதுக்குள்ள அந்தப் பிள்ளை ஓடிப்போய் தாயிட சீலைத் தலைப்பில மூக்கைத் துடைச்சிட்டு அங்கயே சாஞ்சு நிண்டுது, தாய் என்னோட கதைச்சுக்கொண்டே தன்ர பாட்டில அதிட தலையில பேன் பாக்கிறா. பேனையை மூடி பையுக்குள்ள வச்சிட்டன். வீட்டில காசில்லாம இருந்தது, கவனிப்பு இருந்தது. அதே மாதிரி டவுன் பக்கம் ஏசி போட்ட வீட்டில, பள்ளிக்கூடம் விட்டா டியூசன், டியூசன் விட்டா போன், காய்ச்சல் எண்டு ரெண்டு நாள் படுத்திருந்த பொடியனை ஒருத்தரும் தொட்டுப் பாக்காத வீடும் பாத்திருக்கிறன். அங்க போய் துஷ்பிரயோகம் எண்டு வாயே திறக்கேலாது, மேலிடம் வரைக்கும் போன் போகும்.

அதால நான் வீட்டைப் பாக்கிறதில்ல, இந்தப் பிள்ளை ஒரு மணித்தியாலம் காணாமப் போனா ஆர் முதல்ல தேடும் எண்டு பாப்பன். உங்கட கேள்வியில அதுக்கு ஆளில்ல. அம்மம்மா தேடுவா, ஆனா அவவுக்குக் கண் தெரியாது. காசும் இல்லாம இல்ல, தாய் குவைத்தில உழைக்கிறா, சிகரெட்டுக்குக் காசு இருக்குது, பிள்ளைக்கு 100 கிராம் சீனி கடன். கையில இருந்தும் பிள்ளைக்குப் போகேல்ல எண்டா அதுக்கு வறுமை எண்டு பேர் வைக்கேலாது. சட்டமும் அப்பிடித்தான் பாக்குது, 1995ல தண்டனைச் சட்டக்கோவையில சேத்த 308ஏ பிரிவில 18 வயசுக்குக் குறைஞ்ச பிள்ளையைத் தன்ர பொறுப்பில வச்சிருக்கிற ஆள் அதுக்குத் துன்பமோ உடம்புக்குக் கேடோ வரக்கூடிய மாதிரி வேணுமெண்டு அடிக்கிறது மட்டுமில்ல, கவனியாம விடுறது, கைவிட்டிட்டுப் போறது எல்லாம் கொடுமை எண்டுதான் இருக்கு, ரெண்டு வருசத்தில இருந்து பத்து வருசம் வரைக்கும் சிறை. பள்ளிக்கூடமும் 5 வயசில இருந்து 16 வரைக்கும் கட்டாயம், கிழமையில ரெண்டு நாள் போறது கணக்கில வராது.

இன்னொண்டு, தம்பிய இடுப்பில தூக்கிக்கொண்டு வருது எண்டு எழுதியிருக்கிறீங்க. எங்கட ஊரில அதைக் கண்டா பொறுப்பான பிள்ளை எண்டு மெச்சுவினம், நானும் சின்னனில தம்பியத் தூக்கினவதான், ஆனா எனக்குப் பின்னால ஒரு அம்மா நிண்டவ. இப்பிடி ஒரு அக்கா ஒருக்கா என்ர அறைக்கு வந்தது, மேசையில இருந்த கிறீம் பிஸ்கட்டில ஒண்டைக் குடுத்தன், அது ரெண்டாப் பிரிச்சு, கிறீம் இல்லாத பக்கத்தை வாயில போட்டிட்டு கிறீம் இருந்த பாதியை சட்டைப்பொக்கெட்டுக்குள்ள வச்சுது. தம்பிக்காம். ஆறு வயசு. அண்டைக்கு நான் வேற ஒண்டும் கேக்கேல்ல.

தகப்பனைப் பற்றிக் கொஞ்சம். வயசு நீங்க எழுதேல்ல, இப்ப 30ல நிக்கிற ஆள் எண்டா 2004 சுனாமி வரேக்க சின்னப் பிள்ளையா இருந்திருப்பார். எங்கட கரையோரத்தில அந்த வயசில தாயையோ தகப்பனையோ கடலுக்குக் குடுத்திட்டு, முகாமில வளந்து, அதுக்கு மேல சண்டையும் பாத்து, பிள்ளையை எப்பிடி வளக்கிறது எண்டு பாக்கக்கூட ஒருத்தரும் இல்லாம வளந்த கன பேர் இப்ப தகப்பன்மார். மாரி தொடங்கி கடல் கொந்தளிக்க, நவம்பர் டிசம்பரில தொழில் இல்லாம வீட்டுக்குள்ள கிடக்கேக்கதான் என்னட்டக் கூடக் கூட இந்தப் பிரச்சினையள் வரும். இதைச் சொல்லி நான் அவரை நியாயப்படுத்த வரேல்ல, சுட்டது அவர்தான் எண்டா அதுக்கு அவர் பதில் சொல்லோணும். அவரை மிருகம் எண்டு நினைச்சுக்கொண்டு நீங்க போனா அவரைக் குடியில இருந்து எடுக்க வைத்தியம் இருக்கு எண்டதே ஆருக்கும் ஞாபகம் வராது, அதுக்காகத்தான் சொல்லுறன்.

இப்ப 1929. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையிட இலக்கம், 24 மணித்தியாலமும் எடுக்கலாம், காசு போகாது, தமிழில கதைக்கலாம். உங்கட பேர் சொல்ல விருப்பமில்லாட்டி சொல்லத் தேவையில்ல, பிள்ளையிட வீடு எங்க இருக்கு, என்ன கண்டனீங்க, எந்த நாள் எண்டு தெளிவாச் சொன்னாக் காணும். போன் பிடிக்காட்டி நேர போங்க. நீங்க இருக்கிறது பட்டணமும் சூழலும் பிரதேச செயலகத்துக்குள்ள எண்டு நினைக்கிறன், அங்க சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறா, சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தரும் இருக்கிறார். ரெண்டும் ஒண்டு மாதிரிக் கேக்கும், திணைக்களம் வேற வேற, நீங்க அதுக்குள்ள போய்க் குழம்பாம ஆர் முதல்ல கதிரையில இருக்கினமோ அவையிட்ட சொல்லுங்க. ஜி.எஸ்ஸிட்டயோ (கிராம சேவகர்) வீட்டுக்கு வாற மிட்வைஃப் மிஸ்ஸிட்டயோ சொன்னாலும் போய்ச் சேரும், ஆனா ஜி.எஸ் தகப்பனிட சொந்தக்காரர் எண்டா அந்தப் பக்கம் போகாதீங்க. இப்பவே அடிக்கிறார், பிள்ளை கத்துது எண்டா இதெல்லாம் விட்டிட்டு 119.

அதுக்குப் பிறகு சனம் நினைக்கிற மாதிரி பொலிஸ் ஜீப் வந்து பிள்ளையள அள்ளிக்கொண்டு போறதில்ல. முதல்ல ஒரு உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து பாப்பார். காயம் இருந்தா பிள்ளையை வார்ட்டில வச்சு ஜே.எம்.ஓ பாப்பார், பொலிஸில சிறுவர் மகளிர் பிரிவுக்குத் தகவல் போகும். வார்ட் டொக்டர், ஜே.எம்.ஓ, நன்னடத்தை உத்தியோகத்தர், பொலிஸ், தேவையெண்டா பள்ளிக்கூட ஆக்கள் எண்டு எல்லாரும் ஒரு மேசையில இருந்து இந்தப் பிள்ளைக்கு என்ன செய்யலாம் எண்டு கதைப்பினம், கேஸ் கொன்பரன்ஸ் எண்டு சொல்லுறது. பிள்ளையை வீட்டில இருந்து எடுக்கிறதெண்டா பொதுவா கோட்ஸ் உத்தரவு வேணும், எடுத்தாலும் முதல்ல சொந்தத்துக்குள்ளதான் தேடோணும். 1939ல வந்த சிறுவர் இளைஞர் கட்டளைச் சட்டத்திலயே தகுந்த ஆள் ஒருத்தரிட்ட பிள்ளையை ஒப்படைக்க நீதவானுக்கு அதிகாரம் இருக்கு. அதால சித்தி, மாமி, பெரியம்மா ஆராவது பொறுப்பெடுக்கக்கூடிய ஆள் இருக்கா எண்டு உங்களுக்குத் தெரிஞ்சா அதையும் சேத்துச் சொல்லுங்க, அந்த ஒரு தகவலாலயே பிள்ளை இல்லம் போகாம நிக்கலாம். இல்லம் கடைசிப் படி. எல்லா நேரமும் அப்பிடி ஒழுங்கா நடந்தது எண்டு நான் பொய் சொல்லமாட்டன், ஆக்கள் காணாது, லீவு நாள் வந்தா ஃபைல் தூங்கும், நீங்க ஒருக்கா சொல்லிப்போட்டு விடாம ரெண்டு கிழமையால திரும்பிக் கேக்கோணும்.

பிள்ளையிட்ட நீங்க துருவித் துருவிக் கேக்காதீங்க, தயவு செய்து. ஒரு இடத்தில, பேர் வேண்டாம், எட்டு வயசுப் பிள்ளையொண்டை ஆக்கள் வந்து போற திறந்த அறையில நிக்க வச்சு ஆறு தரம் ஒரே கதையைச் சொல்ல வச்சவை. ஆறாம் தரம் அந்தப் பிள்ளை ஒண்டும் நடக்கேல்ல எண்டிட்டுது, சொன்னா விடுவினம் எண்டு அதுக்கு விளங்கிட்டுது. பிள்ளையிட வாக்குமூலத்தை வீடியோவில எடுத்து கோட்ஸில போட 1999லயே சட்டம் வந்தது, ஏன் வந்தது எண்டு அண்டைக்கு எனக்கு விளங்கினது. அதால அது தானா ஏதும் சொன்னா கேளுங்க, இடையில பாயாதீங்க. நீ சொன்னது நல்லது, உன்னில பிழை இல்ல, உதவி செய்யிற ஒரு ஆளிட்ட நான் சொல்லப்போறன் எண்டு சொன்னாக் காணும். ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு சத்தியம் மட்டும் பண்ணிடாதீங்க, நீங்க சொல்லத்தான் போறீங்க. காயத்தை போனில எடுத்து வட்ஸப் குறூப்பில போடுற வேலையும் வேண்டாம். பாவம் எண்டுதான் ஆக்கள் போடுறது, ஆனா அந்தப் பிள்ளை நாளைக்கு பள்ளிக்கூடம் போகேக்க முழு வகுப்பும் அதைப் பாத்திருக்கும்.

இரவில தனிய வாறதை முதல் நிப்பாட்டப் பாருங்க. காயத்தை விட எனக்கு அந்த ஒழுங்கைதான் பயம். பிள்ளையள நாசம் பண்ணுறவை கன பேர் வெளியாக்கள் இல்ல, தெரிஞ்ச மாமா, கூப்பிட்டு டொஃபி குடுக்கிற அண்ணா. ஒரு பிள்ளை இந்த நேரத்தில இந்த வழியால தனிய வரும், வீட்டில கேக்க ஆளில்ல எண்டு அப்பிடிப்பட்ட ஒருத்தனுக்குத் தெரியவர ஒரு கிழமை காணும். இதுக்குள்ள உங்களுக்கும் ஒரு ஏச்சு இருக்கு தங்கச்சி, கோவிக்காதீங்க. சிகரெட். 21 வயசுக்குக் குறைஞ்ச ஆக்களுக்கு விக்கக்கூடாது எண்டு 2006ல இருந்து சட்டம், அப்பாவுக்கு எண்டு சொன்னாலும் கையில வாங்குறது 7 வயசுப் பிள்ளை. ஆனா இண்டைக்கே வெறுங்கையோட திருப்பி அனுப்பிடாதீங்க, அடி அதுக்குத்தான் விழும். உங்கட மனுசன் போட்டில வச்சுச் சொல்லட்டும், மச்சான், பிள்ளையிட்ட சிகரெட் குடுத்தா எங்கட கடைக்குத் தண்டம் அடிப்பாங்கள், நீ வாறண்டா வா எண்டு. கடைக்குச் சட்டப் பிரச்சினை எண்டு சொன்னா அவருக்கு ரோசமும் வராது, ஒரு கிழமையில பழகிடும், பிள்ளை இரவில வாற தேவை பாதி குறையும்.

போட் பிரச்சினையும் விளங்குது. ஒரே வலையை இழுக்கிறவை, நடுக்கடலில முகம் பாக்கோணும். அதால அந்தப் போனை நீங்க எடுங்க, மனுசனுக்குச் சொல்லுறதா இல்லையா எண்டு உங்கட வீட்டு நிலைமையைப் பாத்து முடிவெடுங்க. சில வீட்டில சொல்லாம இருக்கிறது நல்லம், குடிச்சா வாய் நிக்காத மனுசன் எண்டா கட்டாயம் சொல்லாதீங்க.

தாயிட நம்பர் எடுக்கேலுமெண்டா நல்லது, ஆனா அவவுக்கு அடிச்சு, உன்ர பிள்ளைக்குச் சிகரெட்டால சுட்டிருக்கிறான் எண்டு தொடங்காதீங்க, அவ அங்க ஒரு வீட்டு அறைக்குள்ள இருந்து என்ன செய்வா. உத்தியோகத்தரிட்ட நம்பரைக் குடுங்க. பிரதேச செயலகத்தில வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தர் எண்டும் ஒருத்தர் இருக்கிறார், தாய் வெளிநாடு போன குடும்பங்களைப் பாக்கிறதும் அவரிட வேலைதான். தாய் அனுப்புற காசு தகப்பனிட கணக்குக்குப் போகுதெண்டா, அங்க போகாம அம்மம்மாவிட கணக்குக்குப் போற மாதிரி மாத்தினாலே அந்த வீட்டில அரைவாசி மாறும் எண்டு நினைக்கிறன். அம்மம்மாவிட கண் வெண்படலமா இருக்கலாம், அது சின்ன ஒப்பரேசன், அரசாங்க ஆஸ்பத்திரியில காசில்லாமச் செய்யலாம், கண் கிளினிக்குக்கு ஒருக்கா ஆரும் கூட்டிக்கொண்டு போனாக் காணும். அவ கண் தெரிஞ்சு வாசலில இருந்தா உத்தியோகத்தர் வாற நாளைத் தவிர்ந்த மற்ற நாளுக்கும் அந்தப் பிள்ளையளுக்கு ஆள் இருக்கும்.

கடைசியா அந்த 4,300. கடனை நிப்பாட்டாதீங்க எண்டு நான் சொல்லுறது உங்கட சட்டிக்கு மண் போடுற மாதிரி இருக்கும், தெரியும், சின்னக் கடை. ஆனா கடன் இல்லை எண்டா அந்தப் பிள்ளை உங்கட கடைக்கு வராது, வராட்டி அடுத்த காயத்தைக் காண ஒருத்தரும் இல்ல. சீனி, பால்மா, பிஸ்கட் எண்டு சாப்பாட்டுக்கு மட்டும் ஒரு அளவு வச்சுக் குடுங்க, மிச்சம் தகப்பன் வந்தா. மற்றது அந்தக் கடன் கொப்பி. நாள் போட்டுத்தானே எழுதுறீங்க, இனிப் பக்கத்தில நேரத்தையும் எழுதுங்க. 9.10, சீனி 100, பிள்ளை தனிய, தம்பியோட. கையில கட்டு. சனி, பள்ளிக்கூடம் போகேல்ல எண்டா அதை எழுதத் தேவையில்ல, திங்கள் காலமை பத்து மணிக்கு கடைக்கு வந்தா அதை எழுதுங்க. 1929க்கு அடிக்கேக்க கொப்பியை முன்னால விரிச்சு வச்சுக்கொண்டு கதையுங்க, பதட்டத்தில நாள் மறக்கும். பேந்து உத்தியோகத்தர் வந்து கேட்டா அந்தப் பக்கத்தைக் காட்டுங்க, அவைக்கு உங்கட கொப்பியை விட நல்ல ரிப்போர்ட் அந்த ஒழுங்கையில கிடைக்காது.

காயத்தை நீங்க கண்டு ஒரு கிழமை ஆகிட்டுது. இதை வாசிச்ச உடனே அடிங்க.